அமைதியான கிராமக் காட்சி ஓவியத்தைப் படிப்பது எப்படி? பர்மாத் தமிழருக்கான கேள்வி பதில்

வயல், பனைமரம், மாட்டுவண்டி, தூரத்தில் வெள்ளையாக ஒரு பயா (பர்மியப் புத்தக் கோயில்). ரங்கூன் வீடுகளின் முன்னறையிலும் கடைகளிலும் அதிகம் தொங்கும் படம் இதுதான். "பார்க்க நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் இதில் என்ன சொல்ல முடியும் என்று பலர் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பர்மிய நிலக்காட்சிகள். உலகம் அறிந்த ஐரோப்பியப் படங்கள் இரண்டும் நடுவில் வருகின்றன.

படத்தில் எதுவுமே நடக்கவில்லையே, இதில் படிக்க என்ன இருக்கிறது?

எதுவும் நடக்காதது போலத் தோன்றச் செய்வதுதான் இத்தகைய படத்தில் கடினமான வேலை. நேரில் போய்ப் பார்த்தால் அந்த வயலோரத்தில் மின்கம்பி போகும், மோட்டார் பொருத்திய கைக்கலப்பை புகை கக்கும், பிளாஸ்டிக் பை வரப்பில் சிக்கிக் கிடக்கும். ஓவியர் இவற்றை எல்லாம் தள்ளிவிட்டுத்தான் படத்தை அமைதியாக்கியிருக்கிறார். எதை வைத்தார், எதை விட்டார், வைத்ததை எங்கே வைத்தார் என்று பார்க்கத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அமைதிக்கென்று சில உத்திகள் உண்டு. வரப்பு, கரை, நீர்மட்டம் என்று கிடைக்கோடுகளை மிகுதியாக்குவார்கள். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பார்கள். ஆட்களைச் சிறிதாக்கி, முகத்தைத் திருப்பிவிடுவார்கள். ஓரங்களை மங்கலாக விடுவார்கள். உங்கள் படத்தில் இவற்றில் எது எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று: கைபேசியில் படம் பிடித்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பெரும்பகுதி நடுத்தரச் சாம்பலாக வந்தால் ஓவியர் வேண்டுமென்றே முரண்களை அடக்கியிருக்கிறார். எந்த ஒரு இடத்தில் மிக வெளிறியதும் மிக இருண்டதும் ஒட்டி நிற்கின்றனவோ, அங்கேதான் உங்கள் கண் முதலில் போகும். அது பயாவின் உச்சியா, வண்டிமாட்டின் முதுகா, குடிசையின் வாசலா என்பதே படத்தின் மையம் எது என்பதைச் சொல்லிவிடும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

தலைப்பையும் ஓவியர் பெயரையும் கடைசிக்கு ஒதுக்குங்கள். படத்தின் மூலைவிட்ட நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தள்ளி நின்று, பேசாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். பிறகு காகிதத்தில் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள்: வரப்பு, வாய்க்கால், பனை மூன்று, ஆள் ஒருவர், குடை. "சோகமான", "இனிமையான" போன்ற அடைமொழிகள் இந்தக் கட்டத்தில் வேண்டாம். அவை வந்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். அடுத்து தொடுவானம் எங்கே என்று பாருங்கள். பிறகு ஒளி வரும் திசை, கண் நடந்துபோகும் பாதை, ஆட்கள், ஓரங்கள். கடைசியில் ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கித் தூரிகைத் தடத்தைப் பாருங்கள். தூரத்தில் ஆளாகத் தெரிந்தது கிட்டத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக இருந்தால், அந்த ஆளின் அடையாளம் ஓவியருக்குத் தேவைப்படவில்லை என்று பொருள்.

தொடுவானக் கோட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சமவெளியில் தொடுவானம் ஓவியரின் கண்மட்டத்தில் இருக்கும். ஐராவதி டெல்டா போன்ற தட்டையான நிலத்தில் இது மிகத் துல்லியமாக வேலை செய்யும். நிற்கும் ஆட்களின் தலை, அவர்கள் கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், தொடுவானக் கோட்டையே தொட்டுக்கொண்டிருந்தால் ஓவியரும் அதே தரையில் நின்று வரைந்திருக்கிறார். கோடு அவர்கள் இடுப்பருகே போனால் அவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு வெகு மேலே போனால் கரைமேட்டிலோ மாடியிலோ இருந்து கீழே பார்த்திருக்கிறார். ஒருவர் தலை கோட்டில், இன்னொருவர் முழங்கால் கோட்டில் என்று கலந்து வந்தால், ஒன்று நிலம் மேடுபள்ளமானது, அல்லது ஆட்களைப் பிறகு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். சந்தைப் படங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கோடு அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் படம் வானத்தைப் பற்றியது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மேகத்துக்கு இடம் தர இப்படிச் செய்தார்கள். மழைக்காலப் பர்மிய நீர்வண்ணப் படங்களிலும் இதைக் காணலாம். கோடு மேலே ஏறி நின்றால் நிலமும் உழைப்பும் படத்தை நிறைக்கும். சரிபாதியில் வெட்டினால் படம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். நீரில் பிரதிபலிப்பைக் காட்டும் படத்துக்கு அது பொருந்தும், மற்றவற்றில் பெரும்பாலும் கவனக்குறைவு.

படம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

நிழல் இருந்தால் முடியும். நிற்கும் ஆளின் நிழல் அவர் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில் இருக்கிறது. இரண்டு மடங்கு என்றால் ஏறக்குறைய 27 பாகை. அதாவது சூரியன் எழுந்து இரண்டு மணி நேரத்தை ஒட்டி, அல்லது மறைவதற்கு அதே அளவு முன்பு. ரங்கூன் வடக்கே 16.8 பாகை அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில் கூடச் சூரியன் 50 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது நிழல் ஆள் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, வடக்கு நோக்கி விழும். மே முதல் வாரத்தையும் ஆகஸ்ட் முதல் வாரத்தையும் ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடியில் சுருங்கிவிடும். ஆகவே நீண்ட நிழல் விழும் கீழ்ப் பர்மா வயல்காட்சி எந்த மாதத்திலும் நண்பகலாக இருக்க முடியாது.

நிழல் இல்லாத படத்துக்கு வேறு தடயம் தேட வேண்டும். திருவோட்டுடன் வரிசையாகப் போகும் பிக்குகள் என்றால் காலை. நண்பகலுக்குப் பின் அவர்கள் உண்பதில்லை என்பதால் பிச்சைக்குப் போவது விடிந்த கொஞ்ச நேரத்தில்தான். குடிசைக்கூரையில் புகை தவழ்ந்தால் சமையல் நேரம். மாடுகள் ஊரை நோக்கி நடந்தால் மாலை. பயாவுக்குப் பின்னால் செக்கச்சிவந்த அந்தி, முன்னால் திருவோட்டுடன் பிக்குகள் என்று ஒரே படத்தில் இரண்டும் இருந்தால், அந்தச் சிவப்பை விடியலாகக் கொள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள். மற்றத் தடயங்கள் மாலையையே காட்டினால் அது கண்ட காட்சியாக இருக்காது, கடைக்காகக் கட்டிய காட்சி. அதனால் படம் கெட்டது என்றில்லை, ஆனால் நேரில் கண்டு வரைந்ததாக எண்ணி விளக்கம் எழுதாதீர்கள்.

மாதம்?

நெல்லின் நிறம் சொல்லும். பருவமழை மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை. நாற்றங்கால் மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்கும். ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை நட்ட வயலில் நாற்றுகளுக்கு இடையே நீர் தெரியும், அந்த நீரில் வானத்தின் நிறம் இருக்கும். செப்டம்பரில் நீர் மறைந்து அடர்பச்சை. நவம்பரில் பொன்னிறம், டிசம்பர் ஜனவரியில் அறுத்த தாள். அதற்குப் பிறகு டெல்டாவிலும் பெகுப் பக்கத்திலும் அதே வயலில் உளுந்தும் பாசிப்பயறும் போடுவார்கள். வெளிறிய தாளுக்கு நடுவே தாழ்வாகப் படர்ந்த பச்சைத் திட்டு தெரிந்தால் ஜனவரி, பிப்ரவரி என்று கொள்ளலாம். இந்தப் பச்சையை நெல் என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. நெல் செங்குத்தாக நிற்கும், உளுந்து தரையோடு கிடக்கும். தூரிகைத் தடம் மேல்நோக்கிய கோடா, வட்டப் புள்ளியா என்று பார்த்தாலே தெரியும்.

தூரத்து மலை ஏன் நீலமாக இருக்கிறது? எப்போதும் அப்படித்தானா?

நமக்கும் மலைக்கும் நடுவிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. தூரம் கூடக்கூட நிறம் வெளிறி நீலமாகும், கோடுகள் கரையும். ஐரோப்பியப் பாடமுறையில் பயின்றவர்கள் இதை விதியாகவே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பர்மாவின் மார்ச் ஏப்ரல் வெயிலில் தூசியும் வயலில் அறுத்த தாளை எரிக்கும் புகையும் சேர்ந்து தூரத்தைப் பழுப்பு மஞ்சளாக்கிவிடும். மழை விட்ட அரைமணியில் காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும், தூரத்து மலை கருநீலமாக, கிட்ட வந்து நிற்கும். எனவே வறண்ட வயலுக்குப் பின்னால் தெளிந்த நீல மலை நின்றால் ஓவியர் பாடத்தைப் பின்பற்றினாரா, கண்ணைப் பின்பற்றினாரா என்று கேட்டுப்பாருங்கள்.

பனைமரமும் மாட்டுவண்டியும் வெறும் அலங்காரமா?

பல படங்களில் அலங்காரம்தான். நல்ல படத்தில் அவையே சாட்சி. பகான், மெய்க்டிலா, மாந்தலே சூழ்ந்த வறண்ட நடுப் பர்மாவில் பனை மிகுதி. அங்கே பனையேறிகள் மூங்கில் ஏணியை மரத்தோடு கட்டிவைப்பார்கள். ஏணியும் உச்சியில் கலயமும் தெரிந்தால் பதநீர் இறங்கும் காலம், அதாவது மழையில்லாத மாதங்கள். காய்ந்த மட்டைகள் கழுத்தைச் சுற்றித் தொங்கினால் அந்த மரத்தில் யாரும் ஏறுவதில்லை. இராமநாதபுரத்துப் பூர்வீகமுள்ள வீடுகளில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெல்டாவின் உப்பங்கழியோரமாக இருந்தால் தண்டே தெரியாமல் நீரிலிருந்து நேராக ஓலை எழும் நிப்பா மரமே பொருத்தம். சேற்றுக் கழியோரத்தில் பனந்தோப்பு நிற்கும் படம் இரண்டு ஊர்களை ஒட்டிய கலவையாக இருக்கக்கூடும்.

வண்டியில் மூன்று பாருங்கள்: சுமை இருக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது, சக்கரத்தடம் எவ்வளவு ஆழம். வெறும் வண்டிக்குப் பின்னால் ஆழமான தடம் இருந்தால் அந்தப் பாதையில் பாரம் போய்வந்திருக்கிறது, நாம் பார்ப்பது இடைவேளையை. இந்தச் சின்னச் செய்தியே படத்தின் அமைதியை "வேலை முடிந்த அமைதி" என்று மாற்றிவிடும். வண்டி படத்துக்குள் போகிறதா, நம்மை நோக்கி வருகிறதா என்பதும் முக்கியம். முதுகைக் காட்டிப் போகும் ஆள் நம்மையும் உள்ளே அழைத்துச் செல்வார், எதிரே வருபவர் நம்மை நிறுத்துவார்.

பயா என்றால் ஞானம், பாதை என்றால் வாழ்க்கைப் பயணம், ஒற்றை மரம் என்றால் தனிமை என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது எல்லாப் படத்துக்கும் பொருந்தும். எல்லாப் படத்துக்கும் பொருந்துவது இந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் என்ற வேறுபாடு பொருளை மாற்றுமா?

மாற்றும். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மை. பயாவை வெள்ளையாகக் காட்ட வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், சுற்றிலும் வானத்தைப் பூச வேண்டும். ஈரத்தாளில் வண்ணம் வைத்தால் ஓரம் பரவி மூடுபனியாகும், காய்ந்த தாளில் வைத்தால் கூர்மையாக நிற்கும். ஒரே படத்தில் தூரம் முழுக்கப் பரவலாகவும் முன்னணியில் இரண்டு மூன்று இடம் மட்டும் கூர்மையாகவும் இருந்தால், எங்கே நிற்க வேண்டும் என்று ஓவியர் கண்ணுக்குச் சொல்கிறார். நீர்வண்ணத்தில் திருத்தம் கடினம் என்பதால் தொடாமல் விட்ட இடம் பெரும்பாலும் முன்பே முடிவுசெய்ததுதான். எண்ணெயில் மேலே மேலே பூசித் திருத்தலாம். அதனால் பழைய எண்ணெய்ப் படங்களில் மறைத்த உருவங்கள் எக்ஸ்ரேயில் வெளிப்படுவதுண்டு.

பர்மாவில் இந்த இரண்டு முறைகளும் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் வேரூன்றியவை. டெல்டாவின் பந்தனோவில் 1897இல் பிறந்த பா ஞான் 1920களில் லண்டனில் பயின்று, எண்ணெய் வண்ண நிலக்காட்சியை இங்கே நிலைநிறுத்தினார், 1945இல் மறைந்தார். பா ஸோவும் லண்டனில் பயின்றவரே. இரண்டாம் உலகப்போரில் அக்காலப் படங்கள் பல அழிந்துபோயின. ரங்கூன் பியே சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் ஓவியக்கூடத்துக்குப் போனால் அந்தத் தலைமுறையின் கைவண்ணத்தை நேரில் காணலாம்.

பழைய பர்மியச் சுவரோவியங்களில் தூரத்து மரமும் பெரிதாகவே இருக்கிறதே, வரையத் தெரியவில்லையா?

தெரியாமல் அல்ல. பகானில் உபாலி தெயின், ஆனந்தா ஓக்சாங் ஆகிய கட்டடங்களில் உள்ள 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கதையை வரிசையாகச் சொல்ல வரையப்பட்டவை. ஒற்றைக் கண்ணால் ஒரே இடத்திலிருந்து பார்ப்பது அவற்றின் நோக்கமில்லை. அங்கே மேலே இருப்பது தூரம், பெரிதாக இருப்பது முக்கியம். ஆற்றையும் மரத்தையும் அலைக்கோடுகளாக இழுத்து ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததைப் பிரிப்பார்கள். அவற்றுக்கு மேலே சொன்ன தொடுவானக் கணக்கைப் போடக்கூடாது.

அமைதியான படத்துக்குப் பின்னால் கலவரம் இருக்க முடியுமா?

முடியும், இருந்ததும் உண்டு. உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட கிராமக் காட்சிகளில் ஒன்று ஜான் கான்ஸ்டபிள் 1821இல் காட்சிக்கு வைத்த வைக்கோல் வண்டிப் படம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, ஏறக்குறைய 130க்கு 185 சென்டிமீட்டர். அன்று அதற்கு இட்ட பெயர் "நிலக்காட்சி: நண்பகல்". ஆழமில்லாத ஆற்றில் வெறும் வண்டி நிற்கிறது, இடப்பக்கம் ஒரு வீடு, முன்னால் ஒரு நாய். பலரும் கவனிக்காதது வலப்பக்கத் தூரத்தில் புள்ளிகளாகத் தெரியும் அறுவடையாட்கள். பச்சைக்கு நடுவே குதிரைச் சேணத்தின் சிவப்பு மட்டும் கண்ணைப் பிடிக்கிறது. கரையில் முதலில் வரைந்திருந்த குதிரைக்காரனை ஓவியரே பூசி மறைத்துவிட்டது எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஒரு ஆள் குறைந்ததில் அமைதி கூடியது. அதே கிழக்கு ஆங்கிலியாவில் 1816இலும் 1822இலும் பண்ணைக் கூலியாட்கள் கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்தின் சாயல் எதுவும் படத்தில் இல்லை. இந்த இல்லாமையை, தூரத்தில் புள்ளிகளாகச் சுருங்கிய அந்த உழைப்பாளிகளோடு சேர்த்துப் படிக்கலாம்.

இதற்கு நேரெதிரான படம் ழான் பிரான்சுவா மிலே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்கள். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் அடங்கிய நிறம், அங்கேயும் மௌனம். ஆனால் அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைப் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்கள் முன்னணிக்கு வந்துவிட்டார்கள். கதிர்ப்போரும் வண்டியும் குதிரைமேல் மேற்பார்வைக்காரரும் பின்னால் சுருங்கிவிட்டார்கள். குனிந்த உடல்கள் தொடுவானத்தை முறித்து எழாமல் மண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. யாரைக் கிட்டத்தில் வைப்பது என்ற ஒரே முடிவு இரண்டு படங்களையும் எதிரெதிராக நிறுத்திவிட்டது. உங்கள் படத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: உழைப்பவர் எத்தனை சென்டிமீட்டர் உயரம்? விளைச்சல் எத்தனை?

1930களின் கீழ்ப் பர்மா வயல்காட்சியைத் தமிழர் எப்படிப் படிப்பது?

கொஞ்சம் நேர்மையோடு. 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிரிட்டிஷார் பிடித்த பிறகு டெல்டாக் காடுகளும் சதுப்பும் நெல்வயலாயின. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் செட்டியார்கள். அறுவடைக்கும் ரங்கூன் துறைமுகம், அரிசி ஆலை வேலைக்கும் கப்பலேறி வந்த கூலியாட்களில் தமிழரும் தெலுங்கரும் நிறைய. 1930இல் நெல்விலை சரிந்ததும் விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் ஏறக்குறைய 6 விழுக்காடு. 1938க்குள் அது 25 விழுக்காட்டை எட்டியது. 1930 டிசம்பரில் தராவாடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் எழுச்சி தொடங்கியது. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1963-64இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினார்கள்.

இத்தனையும் ஒரு நெல்வயல் படத்துக்குள் இருக்கிறதா என்றால், படத்தில் இருப்பது வயல் மட்டுமே. அதனால் குறிப்பெடுக்கும்போது தாளை மூன்றாகப் பிரியுங்கள்: படத்தில் கண்ணால் காண்பது, அந்த ஆண்டில் அந்த வட்டாரத்தில் நடந்தது என்று உறுதியாகத் தெரிந்தது, நானாகச் சேர்ப்பது. "இந்த வயலின் வெறுமை பறிபோன நிலத்தின் வெறுமை" என்று எழுத ஆசை வரும். படத்தில் தேதியும் இடமும் இல்லையென்றால் அது மூன்றாவது பகுதிக்குரியது. வரப்புகள் ஒழுங்காகச் சீவப்பட்டிருக்கின்றனவா, வயல் தரிசாகக் கிடக்கிறதா, களஞ்சியம் நிறைந்திருக்கிறதா என்பவை முதல் பகுதிக்குரியவை. பாட்டன் வட்டிக்கடையில் கணக்கெழுதிய வீட்டாரும், பாட்டன் அறுவடைக் கூலியாக வந்த வீட்டாரும், நிலமிழந்த பர்மிய வீட்டாரும் இதே படத்தின் முன் நின்றால் மூன்றாவது பகுதியில் வேறுவேறாகத்தான் எழுதுவார்கள். முதல் பகுதி மூவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக வராவிட்டால் யாரோ ஒருவர் படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்.

சங்கத் திணையைக் கொண்டு பர்மியப் படத்தைப் படிக்கலாமா?

கருவியாகப் பயன்படுத்தினால் மிக நன்றாக வேலை செய்யும். தொல்காப்பிய மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, தொழில், தெய்வம் முதலியவை கருப்பொருள். அவற்றில் ஊன்றி நிற்கும் மனநிலை உரிப்பொருள். இந்த வரிசையே படம் படிக்கும் வரிசையும்கூட: முதலில் இடமும் நேரமும், பிறகு பொருள்கள், கடைசியில்தான் உணர்ச்சி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பட்டியல் இங்கே கைகொடுக்கும்.

நெல்வயல் என்பதால் மருதம், மருதம் என்பதால் ஊடல் என்று தாவுவதுதான் சறுக்கும் இடம். மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறையும் விடியலும். உங்கள் படத்தில் மழைமேகம் கவிந்த மாலை, வீடு திரும்பும் மாடுகள், வாசலில் ஒரு பெண் என்றால் பயிர் நெல்லாக இருந்தாலும் பொழுதும் பருவமும் முல்லையுடையவை, உரிப்பொருள் காத்திருத்தல். சங்கப் புலவர்களே திணைகளைக் கலந்து பாடியிருக்கிறார்கள், உரையாசிரியர்கள் அதைத் திணைமயக்கம் என்றார்கள். வெடித்த மண்ணும் உச்சிவெயிலுமான நடுப் பர்மாக் காட்சி பாலையை நினைவூட்டும். பர்மிய ஓவியர் இதை எண்ணி வரைந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இது பார்ப்பவரின் சட்டகம்.

ரங்கூன் போஜோக் சந்தையில் வாங்கிய படம். இதையும் இப்படிப் படிக்கலாமா?

படிக்கலாம், முதலில் அது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிறம் முழுக்க ஒழுங்கான வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சு. புள்ளி மிக நுண்ணியதாக, வண்ணத்துக்கு மேடே இல்லாமல் கேன்வாஸ் நெசவோடு ஒட்டிக் கிடந்தால் கணினி அச்சு. சிலவற்றில் அதன்மேல் பசை தடவித் தூரிகைத் தடம் போலச் செய்திருப்பார்கள். அந்தத் தடம் உருவங்களின் போக்கில் போகாது, அதுவே அடையாளம். கையால் வரைந்ததென்றால் பக்கத்துக் கடைகளிலும் அதே பனை, அதே வண்டி, அதே சிவப்புக் குடை இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். இருந்தால் அது ஒரு அச்சுருவின் பல படிகளில் ஒன்று. அப்போது ஒரு ஓவியரின் மனத்தைத் தேடுவதைவிட, பயணிகள் எந்தப் பர்மாவை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்பது பயன் தரும். மோட்டார் வாகனமே இல்லாத, எப்போதும் அந்தியாக இருக்கிற, முகமில்லாத மனிதர்கள் வாழும் நாடு அது.

பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

தமிழ் வகுப்பில் பத்து நிமிடம் போதும். படத்தை ஒரு நிமிடம் காட்டி மூடிவிடுங்கள், நினைவிலிருப்பதை வரையச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் காட்டி விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். "இங்கே நின்றால் என்ன கேட்கும், காலுக்கு அடியில் சேறா புழுதியா?" என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை இதற்குப் பதில் சொல்லும். "ஓவியர் என்ன சொல்ல வருகிறார்?" என்ற கேள்விக்கு எட்டு வயதுப் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும்.

வீட்டிலுள்ள பழைய நீர்வண்ணப் படம் நிறம் மாறியிருக்கிறது. அதைப் படிக்கும்போது எதைக் கவனிப்பது?

இப்போது தெரியும் நிறத்தை அப்படியே நம்பக்கூடாது. பழைய அலிசரின் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும், அந்திவானத்தின் இளஞ்சிவப்பு முதலில் போய்விடும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து செய்த பச்சையில் மஞ்சள் போனால் மரங்கள் நீலமாக நிற்கும். அவுரி நீலம் போனால் வானம் செம்பழுப்பாகும். "ஓவியர் சோகத்தைக் காட்ட மரங்களை நீலமாக்கினார்" என்று எழுதுவதற்கு முன், பிரேம் போடுபவரிடம் கொடுத்துப் பின்பலகையைக் கழற்றி, மவுன்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பைப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் தெரிந்தாலும் போதும், வெளிச்சம் படாத அந்த ஓரத்தில் முதல் நிறம் இருக்கும். அட்டையின் வெட்டு ஓரத்தை ஒட்டிப் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் அட்டையில் அமிலம் இருக்கிறது, அமிலமற்ற அட்டைக்கு மாற்றுங்கள். சிதறிய பழுப்புப் புள்ளிகள் ஈரத்தால் வருபவை. வீட்டில் துடைக்கவோ பிளீச் வைக்கவோ வேண்டாம், தாளே போய்விடும்.

ரங்கூன் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். தாளுக்கு 40 முதல் 60 வரை நல்லது. குளிரூட்டி இல்லாத வீட்டில் அதை எட்ட முடியாது, சேதத்தைக் குறைக்கத்தான் முடியும். வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். பிரேமின் கீழ் இரு மூலைகளிலும் ஒரு சென்டிமீட்டர் தக்கை ஒட்டினால் பின்னால் காற்றோடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் அட்டை இருக்க வேண்டும். சாமி விளக்குக்கு மேலேயும் சமையலறைச் சுவரிலும் மாட்டினால் ஓராண்டில் புகைப்படலம் படிந்து எல்லாக் காட்சியும் மார்ச் மாதமாகிவிடும். அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். வீட்டில் அவ்வளவு மங்கலாக வைக்க முடியாதென்றால் சன்னல் வெயில் நேரே படாத சுவராகப் பார்த்து, ஆண்டில் சில மாதம் படத்தைக் கழற்றி உலர்ந்த அலமாரியில் படுக்கைவாக்கில் வையுங்கள். மழை தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் பின்பக்கத்தைத் திருப்பிப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்றப் படங்களிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும்.